பிக்கப்பைத் தூக்குவதற்கு முன் டயரை முடிவு செய்யுங்கள்

திருச்சியைச் சுற்றி ஒரு பிக்கப் வண்டி கடக்க வேண்டிய நிலம் ஒரே மாதிரியானதல்ல. திருவளர்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று கல்லணைச் சாலையோரம் நீளும் வாழைத் தோட்டங்களில் ஒரு மழை பெய்தால் போதும், வண்டல் சேறு டயரின் பள்ளங்களை அடைத்து அதை வழுவழுப்பாக்கிவிடும். கொள்ளிடத்தில் இறங்கினால் மணல். லால்குடியைத் தாண்டிக் கல்லக்குடிப் பக்கம் போனால் கரிசல். துறையூருக்கு அப்பால் பச்சைமலையில் ஏற்றமும் வளைவும் கல்லும். பெரிய டயர் போட்டால் இவற்றையெல்லாம் எளிதாகக் கடக்கலாம் என்று உரிமையாளர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பட்டறைக்குப் போனதும் “எத்தனை இஞ்ச் லிஃப்ட் போடலாம்?” என்று கேட்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. முதலில் முடிவாக வேண்டியது டயர். அந்த டயர் உரசாமல் சுற்றுவதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவுக்கு மட்டுமே லிஃப்ட், அதாவது வண்டியைத் தூக்கும் மாற்றம். இந்த வரிசை ஏன் மாறக் கூடாது என்பதற்கு வண்டியின் அமைப்பே சான்று.

இன்றைய பிக்கப்களில் பெரும்பாலானவற்றின் பின்புறம், இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உருளை ஆக்சில் இருக்கும். அதன் நடுவில் டிஃபரன்ஷியல் பானை போலப் புடைத்துத் தொங்கும். சேற்றுத் தடத்தின் நடுமேட்டில் முதலில் இடிப்பது பெரும்பாலும் அதுதான். ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸிஸும் கேபினும் மேலே போகும்; ஆக்சில் சக்கரத்தின் மையத்தோடு கட்டுண்டது, அது இருந்த இடத்திலேயே இருக்கும். நான்கு இஞ்ச் லிஃப்ட் போட்ட வண்டியிலும் டிஃபரன்ஷியலின் அடிவயிறு ஒரு மில்லிமீட்டர்கூட உயர்வதில்லை. அதை உயர்த்தக்கூடியது டயர் மட்டுமே, அதுவும் விட்டத்தில் கூடும் அளவில் பாதிதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹைலக்ஸ் போன்ற பிக்கப்களில் பரவலாகக் காணும் அளவு 265/65 ஆர்17. டயரின் அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 இஞ்ச். மொத்த விட்டம் ஏறக்குறைய 776 மி.மீ. ஒரு படி மேலே 265/70 ஆர்17 போட்டால் 803 மி.மீ.; ஆக்சில் உயர்வது 13 மி.மீ. இன்னும் பெரிதாக 285/70 ஆர்17 போட்டால் 831 மி.மீ.; ஆக்சில் உயர்வது 27 மி.மீ. இந்த 27 மில்லிமீட்டருக்குக் கொடுக்கும் விலை சிறியதல்ல. சக்கரத்தின் சுற்றளவு 7 சதவீதம் கூடுவதால் மீட்டர் 80 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 86-இல் போகும், மீட்டர் முன்பு சரியாகக் காட்டியிருந்தால். அதே கியரில் தரையில் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ அதே விகிதத்தில் குறையும்; பச்சைமலை ஏற்றத்தில் சரக்கோடு போகும்போது டிரைவர் அதை உடனே உணர்வார். பிரேக்கின் பிடியும் அப்படியே குறையும். 265/70-இல் இந்த விகிதம் மூன்றரை சதவீதத்துக்குள் நிற்கிறது. அந்த ஒரு படி ஏற்றம் போதும் என்பதே என் தரப்பு. அதற்குத் தேவைப்படும் லிஃப்ட் மிகச் சிறியது. சில வண்டிகளில் தேவையே இல்லை.

லிஃப்ட் வகைகளில் மலிவானது முன்பக்க ஷாக் அப்சார்பரின் தலையில் வைக்கும் வளையம், ஸ்பேசர். சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் (லோயர் ஆர்ம்) நடுப்பகுதியில் ஷாக் பொருத்தப்படுவதால் 25 மி.மீ. வளையம் சக்கரத்தில் ஏறத்தாழ இரு மடங்கு உயர்வைத் தரும். விலை குறைவு, வேலையும் சில மணி நேரம்தான். ஆனால் குழியில் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது மேற்கையும் (அப்பர் ஆர்ம்) பால் ஜாயிண்டும் தங்கள் எல்லையைத் தொட்டுவிடும். முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் இணைப்புகள் எப்போதும் சாய்ந்தே சுற்றி, அவற்றை மூடிய ரப்பர் உறை கிழியும். நீளமான ஸ்பிரிங்கையும் அதற்கென்றே அளவெடுத்த ஷாக்கையும் சேர்த்து மாற்றுவது செலவு கூடிய வழி. ஆனால் சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம் சிதையாது. இங்கேயும் 40 முதல் 50 மி.மீ. வரைதான் மற்ற உறுப்புகளைத் தொடாமல் போக முடியும். அதைத் தாண்டினால் மேற்கை, முன் டிஃபரன்ஷியலை இறக்கும் தாங்கி என்று செலவு சங்கிலிபோல் வளரும்.

இன்னொரு உண்மையைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்பிரிங் வழியாகத் தரும் எந்த லிஃப்டும் வண்டி சும்மா நிற்கும் உயரத்தைத்தான் மாற்றுகிறது. பெரிய குழியில் விழுந்து ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது, சக்கரம் மேலேறும் எல்லையில் தடுக்கும் முட்டுரப்பர் மாறாதிருந்தால், சக்கரம் பழையபடி மட்கார்டுக்குள் அதே இடத்துக்குத்தான் ஏறும். டயர் பெரிதாகியிருப்பதால் அங்கே உரசும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் கேபின் தாங்கியின் விளிம்பிலும் உரசும். ஆகவே நீளமான முட்டுரப்பரோ உள்பிளாஸ்டிக்கில் வெட்டோ இல்லாமல் லிஃப்ட் மட்டும் போட்டால், மேடையில் அழகாக நிற்கும் வண்டி தோட்டத்துக்குள் போனதும் டயரைக் கிழித்துக்கொள்ளும். இந்த இடத்தில் கேபின் லிஃப்ட் ஆதரவாளர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது: சேஸிஸுக்கும் கேபினுக்கும் நடுவே கட்டை வைத்தால் மட்கார்டே மேலே போகும், சஸ்பென்ஷன் கோணமும் கெடாது. ஆனால் ஸ்டியரிங் தண்டு, கியர் லீவர், ரேடியேட்டர் குழாய் என்று எல்லாமே இழுபடும். கேபினைத் தாங்கும் போல்ட்டுகள் நீளமாகி, விபத்தில் அவற்றின் மீது விழும் சுமையும் மாறும். குடும்பம் உட்காரும் கேபினை அப்படிக் கட்டைமேல் நிறுத்த என் மனம் ஒப்பவில்லை.

பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து நீள யூ போல்ட்டால் இறுக்குவது எளிய வழி. ஆனால் பலமாகப் பிரேக் பிடிக்கும்போதும் ஏற்றத்திலும் ஆக்சில் முறுக்கும். கட்டை உயர உயர அந்த முறுக்கு பட்டைகளை இன்னும் பலமாக வளைக்கும். கட்டைக்குப் பதிலாக, வண்டி தினமும் சுமக்கும் எடைக்கு ஏற்ற பட்டை ஸ்பிரிங் தொகுப்பைத் தேர்ந்தெடுப்பதே முறை. வாழைத்தார் ஏற்றிக் காந்தி மார்க்கெட்டுக்கு ஓடும் வண்டிக்கு இது இன்னும் முக்கியம். முன்பக்கத்தை மட்டும் உயர்த்திப் பின்பக்கத்தோடு சமன்படுத்துவது பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் தார் ஏறியதும் பின்பக்கம் அமுங்கி, மூக்கு மேலே தூக்கும். முன்சக்கரத்தின் எடை குறைந்து ஸ்டியரிங் லேசாகும், விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். குறுகலான கல்லணைச் சாலையில் இரவில் அது எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு ஆபத்து. தவிர, தலையில் தார் சுமந்து வந்து ஏற்றும் தொழிலாளிக்குத் தளம் இரண்டு இஞ்ச் உயர்வதன் அருமை நாள் முடிவில் முதுகில் தெரியும். அத்தகைய வண்டிக்குப் பெரிய டயரும் வேண்டாம், லிஃப்டும் வேண்டாம். அதே அளவில் ஆழமான பள்ளங்கள் கொண்ட டயர் போதும். மணலில் இறங்கும்போது சரக்கில்லாத வண்டியில் காற்றை 18–20 பவுண்டு வரை இறக்கினால் டயர் தரையில் பதியும் நீளம் கூடி, லிஃப்ட் தராத பலன் கிடைக்கும். தார்ச்சாலைக்கு ஏறுமுன் மறுபடி நிரப்பிவிட வேண்டும்.

வெளிநாடுகளில் ஆறு இஞ்ச் தூக்கிய வண்டிகள் ஓடுகின்றனவே என்று கேட்கலாம். இங்கே சட்டம் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் நிறுவனம் இதையே காரணம் காட்டக்கூடும். “யாரும் பிடிப்பதில்லை” என்பது இதற்குப் பதிலாகாது. எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகும் சரக்கு வண்டியை ஆய்வாளர் பார்க்கத்தான் செய்வார். அதனால் உங்கள் மாடலுக்கு உற்பத்தியாளர் ஒப்புக்கொண்ட டயர் அளவுகள் எவை என்று முதலில் டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதற்கு மேல் எந்த மாற்றமானாலும் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

அனுமதிக்குள் நிற்கும் சிறு மாற்றம் செய்தாலும் வேலை முடிந்ததும் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் பிரேக் குழாய் விறைக்கிறதா, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி வண்டியை அமுக்கும்போது எங்கே உரசுகிறது, வீல் அலைன்மெண்டில் ஸ்டியரிங் அச்சின் சாய்வான கேஸ்டர் கோணம் எல்லைக்குள் வருகிறதா, சரக்கு ஏற்றிய நிலையில் விளக்கின் ஒளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். யூ போல்ட்டுகளைச் சுமார் 500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும். புதிய பட்டைகள் படிந்து அமரும்போது அவை தளரும்.