உங்களுக்குத் தெரியுமா? கோரை ஒரு புல்லே அல்ல!

வீட்டுப் புல்தரையில் அறுகை மீறித் தலைதூக்கும் கோரை, புல் இனத்தைச் சேர்ந்ததே அல்ல. அதன் பூத்தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டை தட்டுப்படும். பெரும்பாலான புற்களின் தண்டு உருண்டையாக இருக்கும்.

1977-இல் வெளியான ‘உலகின் மிக மோசமான களைகள்’ என்ற ஆங்கில நூல் கோரைக்கே முதலிடம் தந்தது. மண்ணுக்குள் சங்கிலியாகக் கோத்திருக்கும் கிழங்குகள்தான் அதன் பலம். மேலே பிடித்து இழுத்தால் தாள் மட்டுமே கையோடு வரும். கிழங்கு மறுபடி முளைக்கும்.

என்ன செய்யலாம்? மண் ஈரமாக இருக்கும்போது ஆழத் தோண்டிக் கிழங்கோடு எடுங்கள். எடுத்ததை உரக்குழியில் போடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுத் தளிரை விடாமல் அகற்றினால் கிழங்கின் சேமிப்பு கரையும். நிழலில் கோரை நலியும். அதனால் புல்லை ஒட்ட வெட்டாமல் அடர்த்தியாக வளரவிடுங்கள்.