வட்டாவில் வைத்துக் கொடுக்கும் போதை

களுதாவளையில் போதைப்பொருள் என்று பேச்செடுத்தால் ஐஸும் கஞ்சாவும் கசிப்பும்தான் முன்னுக்கு வரும். அந்தப் பயம் நியாயமானது. 5 கிராம் ஐஸ் வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம் என்று 2022இல் இலங்கைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் இந்த நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். அதில் பெரும்பங்கு பாக்குக்கும் புகையிலைக்கும் உண்டு. வெற்றிலைச் செய்கையால் பெயர்பெற்ற ஊர் இதைப் பற்றியும் வாய் திறந்து பேச வேண்டும்.

பாக்கு செய்யும் வேலை

பாக்கிலுள்ள அரிக்கோலின், புகையிலையின் நிக்கொட்டின் தூண்டும் மூளை ஏற்பிகள் சிலவற்றையே தூண்டுகிறது. உடம்பு சூடேறும், பசி மந்தமாகும், தூக்கம் விலகும். வெயிலில் தோட்டம் கொத்துபவரும் இரவில் வாவியில் வலை போடுபவரும் அதை நாடுவது இதனால்தான். நாளடைவில் சப்பாமல் இருக்க முடியாமற் போகிறது. கன்னத்தின் உட்தோல் நார்பிடித்து இறுகினால் சோற்றுக் கவளத்துக்குக்கூட வாய் திறக்காது; பாக்கை விட்ட பிறகும் அந்த இறுக்கம் முழுதாக இளகுவதில்லை.

புகையிலை சேர்க்காவிட்டால் பிழையில்லை என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, புகையிலை சேராத வெற்றிலைக் கூறும் தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்றது. இலங்கை 2016இல் புகையிலை கலந்த மெல்லும் கலவைகளைத் தடைசெய்தது. பாக்கை அந்தத் தடை தொடவில்லை.

‘எங்கட அம்மப்பா எண்பது வயதுவரை சப்பினார்’

சப்பும் எல்லோருக்கும் நோய் வராது, உண்மை. ஆனால் சப்பும் அளவும் ஆண்டுகளும் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. தப்பியவரைத்தான் நாம் திண்ணையில் காண்கிறோம். நடு வயதில் தாடையின் ஒரு பகுதியை இழந்து, பேச்சும் உழைப்பும் குறைந்தவர் வெளியே வருவதில்லை. அந்த வீட்டில் மனைவியின் கூலியும் பிள்ளையின் படிப்பும் சிகிச்சைக்குப் போகின்றன.

இலை விற்காமற் போகுமே என்ற வெற்றிலைச் செய்கையாளரின் கவலை இதைவிடக் கனமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சான்றுகள் முதன்மையாகச் சுட்டுவது பாக்கையும் புகையிலையையும்தான், இலையை அல்ல. பூசைக்கும் கலியாணத்துக்கும் வட்டா வைத்து வரவேற்கவும் வெற்றிலை வேண்டும். அதற்கு யாரும் சப்ப வேண்டியதில்லை. இது மட்டும் இன்றைய விற்பனையைக் காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை. தாய்வான் அரசு பாக்கு மரங்களை அகற்றி வேறு பயிருக்கு மாறியவர்களுக்கு மானியம் கொடுத்தது. இங்கும் மாற்றத்தின் செலவை அரசு ஏற்காமல் அறிவுரை மட்டும் சொல்வது அநியாயம்.

கண்ணும் வெளிச்சமும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயைப் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப்புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நம் ஊரிலும் செய்யக்கூடியதே. அதுவரை, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், உறைப்புப் பட்டால் எரிச்சல் என எது தெரிந்தாலும் அரச வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள், கட்டணம் இல்லை. வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தொடக்கத்தில் இந்த நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை.