இல்லத்தைப் புதுப்பிக்கு முன்

மனிதனுக்கு இறைவன் வழங்கிய அருட்கொடைகளுள் இல்லமும் ஒன்று. தேனீயின் பெயரைத் தாங்கிய 'நஹ்ல்' அத்தியாயத்தில், வீடுகளை நமக்கு அமைதி பெறும் இடமாகத் தான் ஆக்கித் தந்திருப்பதை அல்லாஹ் நினைவூட்டுகின்றான். 'ரூம்' அத்தியாயத்தில் கணவன் மனைவி உறவைக் குறித்துப் பேசுமிடத்தும், துணையிடத்தே அமைதி பெறுவதையே அதன் நோக்கமாக எடுத்துரைக்கின்றான். இவ்விரு இடங்களிலும் அருள்மறை கையாளும் சொற்கள் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பது அரபி மொழி அறிந்தோர்க்குத் தெரியும். வீட்டைச் செப்பனிடுவதும் இல்லறத்தைச் செப்பனிடுவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை இதனினும் அழகாக விளக்க இயலுமோ?

கொடைக்கானல் மலைக்குச் செல்வோர் இறங்கும் புகைவண்டி நிலையம் என்ற அளவிலேயே கொடைரோட்டைப் பலரும் அறிவர். மலையேறும் அவசரத்தில் சமவெளியை எவரும் நின்று பார்ப்பதில்லை. அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டை, வடக்கே திண்டுக்கல் பேகம்பூர் எனத் தெருத்தெருவாக நடந்து பார்ப்போர்க்கு ஒரு காட்சி புலப்படும். இடையிடையே பழைய வீடுகள் பூட்டிக் கிடக்கும். ஓடுகள் சரிந்திருக்கும், சுவரின் வெடிப்பில் அரசங்கன்று தழைத்திருக்கும், உத்திரத்தைக் கரையான் அரித்திருக்கும், திண்ணையில் ஆடுகள் படுத்திருக்கும். கதவில் தொங்கும் பூட்டு மட்டும் உறுதியாக இருக்கும். பூட்டுக்குப் பெயர் பெற்றது திண்டுக்கல் அல்லவா!

இத்தகைய வீட்டைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, பழுது நீக்கிக் குடியேற விழையும் தம்பதியர் நம்மிடம் வந்து கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் ஒரே தன்மையன. எந்நாளில் வேலையைத் தொடங்கலாம்? குடிபுகும்போது எதை ஓத வேண்டும்? நல்ல வினாக்களே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னர்க் கேட்கப்பட வேண்டிய வினாக்கள் சில உள. அவற்றை நமக்குக் கற்றுத் தருவது, உலகின் மிகப் பழமையான இறையில்லம் புதுப்பிக்கப்பட்ட வரலாறாகும்.

தொன்மையான இல்லம்

புனித கஅபாவைத் 'தொன்மையான இல்லம்' என்றே திருமறை அழைக்கிறது. நபி இப்ராஹீம் (அலை) அவர்களும் அவர்தம் அருமை மைந்தர் இஸ்மாயீல் (அலை) அவர்களும் உயர்த்திய அடித்தளத்தின் மீது அது நின்றது. நமது நாயகம் (ஸல்) அவர்களின் 35ஆம் வயதில், நபித்துவத்திற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், அக்கட்டடம் பழுதுற்று நின்றது. அதனைப் புதுப்பிக்கக் குறைஷியர் முடிவு செய்தனர். செங்கடற் கரையில் உடைந்து ஒதுங்கிய கப்பலொன்றின் மரங்கள் கூரைக்கெனக் கொண்டுவரப்பட்டன.

அப்போது அபூவஹ்பு என்னும் பெரியவர் ஒரு நிபந்தனை விதித்ததாக வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் எழுதுகின்றார். தூய சம்பாத்தியம் அன்றி வேறெதுவும் இவ்வில்லத்தில் சேரலாகாது. விபசாரத்தால் வந்த பொருளோ, வட்டியோ, பிறர்க்கு அநீதி இழைத்துப் பறித்த செல்வமோ இதில் கலக்கலாகாது என்பதே அந்நிபந்தனை. சிலைகளை வணங்கிய காலத்து மக்கள் அவர்கள். வட்டித் தொழிலில் ஊறித் திளைத்தவர்கள். ஆயினும் இறையில்லத்தின் சுவரில் எந்தப் பணம் சேரலாம், எது சேரலாகாது என்பதை அவர்களின் மனச்சான்று அறிந்திருந்தது.

விளைவு என்ன? தூய பணம் போதவில்லை. வட்டிப் பணத்தைத் தொடுவதினும் கட்டடத்தைச் சுருக்குவதே மேல் எனத் துணிந்தனர். ஒரு பக்கம் சில முழ இடத்தை வெளியே விட்டுவிட்டுச் சுவரெழுப்பினர். அதுவே ஹாஜிகள் இன்றும் காணும் 'ஹதீம்' என்னும் அரைவட்டப் பகுதி. தவாபு செய்யும் ஒவ்வொருவரும் அதற்கு வெளியே சுற்றி வருகின்றனர். கையில் ஹலாலான பணம் எவ்வளவோ அவ்வளவே வீடு என்னும் பாடத்தைப் பதினான்கு நூற்றாண்டுகளாக அந்த அரைவட்டம் உலகுக்குச் சொல்லிக்கொண்டே நிற்கிறது!

அன்னையாரின் வினா

பல ஆண்டுகளுக்குப் பின்னர் இதே கட்டடத்தைப் பற்றி ஒரு கணவருக்கும் மனைவிக்கும் இடையே நடந்த உரையாடல் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அந்தச் சுவர்ப்பகுதியும் இறையில்லத்தைச் சேர்ந்ததுதானா என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஆம் என்றார்கள் அண்ணலார். அவ்வாறாயின் அதனை ஏன் உள்ளே சேர்க்கவில்லை? உன் சமூகத்தாரிடம் பொருள் போதவில்லை என்றார்கள். வாயில் ஏன் அத்தனை உயரத்தில் இருக்கிறது? தாம் விரும்பியவரை உள்ளே விடவும், விரும்பாதவரைத் தடுக்கவுமே அவ்வாறு செய்தனர் என விளக்கம் தந்தார்கள். அதன் பின்னர் நாயகம் (ஸல்) அவர்கள் தம் உள்ளத்தைத் திறந்தார்கள். அறியாமைக் காலத்தை உன் மக்கள் அண்மையில்தான் கடந்து வந்துள்ளனர். அவர்களின் நெஞ்சம் இதனை ஏற்காமற் போய்விடுமோ என்னும் அச்சம் இல்லையாயின், அப்பகுதியை உள்ளே சேர்த்து வாயிலையும் தரைமட்டத்துக்குத் தாழ்த்தியிருப்பேன் என்னும் கருத்துப்பட மொழிந்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! கட்டடத்தைப் பற்றி மனைவி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கின்றார். கணவர் சலிப்பின்றி விடையளிக்கின்றார். 'உனக்கேன் இந்தப் பேச்சு?' என்னும் சொல் அங்கே எழவில்லை. இன்றோ கொத்தனாரோடும் ஆசாரியோடும் கணவர் பேசி முடித்துவிடுகின்றார். நாளெல்லாம் புகையில் நிற்கப் போகும் இல்லத்தரசியிடம் அடுப்பங்கரைச் சன்னல் எப்பக்கம் வேண்டும் என்று கேட்பாரில்லை. ஹிஜ்ரி 6இல் ஹுதைபியா உடன்படிக்கையின்போது, ஒரு சமுதாயமே திகைத்து நின்ற வேளையில், அன்னை உம்முஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையை ஏற்று நடந்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். சன்னலுக்கு ஆலோசனை கேட்பதில் நமக்கென்ன இழிவு?

இன்னொரு பாடமும் உண்டு. செய்யத்தக்க ஒரு திருத்தத்தை, பிறருடைய உள்ளம் முறிந்துவிடலாகாது என்பதற்காக நாயகம் (ஸல்) அவர்கள் நிறுத்தி வைத்தார்கள். ஹிஜ்ரி 64இல் கஅபா தீக்கிரையான பின்னர், அன்னையாரின் சகோதரி மகன் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்கள் அந்நபிமொழியின்படியே அதனைக் கட்டினார்கள். அவர்கள் கொல்லப்பட்ட பின்னர் ஹஜ்ஜாஜ் அதனை மீண்டும் குறைஷியரின் அமைப்புக்கே மாற்றினான். பிற்காலத்தில் அப்பாசியக் கலீபா ஒருவர் மறுபடியும் மாற்ற விழைந்தபோது, இறையில்லத்தை மன்னர்களின் விளையாட்டுப் பொருளாக்கிவிட வேண்டாம் என இமாம் மாலிக் (ரஹ்) தடுத்தார்கள். பழைய வீட்டில் கை வைப்போர், உடன் வாழும் முதியோரின் உள்ளத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அத்தா சாய்ந்திருந்த தூணைப் பெயர்த்தெறியு முன் அம்மாவிடம் ஒரு சொல் கேட்பது பண்பாகும்.

யாருடைய வீடு?

இனி, தலையாய வினாவுக்கு வருவோம். நீங்கள் புதுப்பிக்கப் போகும் வீடு யாருடையது?

'என் அத்தா கட்டிய வீடு' என்பது விடையாகாது. அத்தா கண்மூடிய அக்கணமே அது வாரிசுகள் அனைவருடையதும் ஆகிவிட்டது. பல வீடுகள் பாழடைவது மழையாலும் கரையானாலும் மட்டுமன்று, பங்கு பிரிக்காமையாலுந்தான். பெற்றோர் விட்டுச் சென்றதில், அது குறைவாயினும் கூடுதலாயினும், ஆண்களுக்கும் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு எனப் 'பெண்கள்' அத்தியாயத்தில் அல்லாஹ் விதித்துள்ளான். நம் நாட்டின் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டமும் முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு மார்க்க நெறியையே அடிப்படையாக்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். பெற்றோரை முன்னரே இழந்த ஒருவர், மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் ஆகியோரை விட்டு இறக்கின்றார். அவருடைய கடன்களும் வஸிய்யத்தும் நிறைவேறிய பின், எஞ்சிய சொத்தை 32 பங்குகளாக்கினால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள் ஒவ்வொருவருக்கும் 7 எனக் கிடைக்கும். ஆக, அவ்வீட்டில் மகனுடையது பாதியினும் குறைவு! அவர் தம் மனைவியோடு சேர்ந்து ஆசையாசையாகப் பூசும் சுவரில், வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்கும் சொந்தம் உண்டு.

'கலியாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம், கணக்கு முடிந்தது' என்பார் உளர். அன்பளிப்பு வேறு; அல்லாஹ் விதித்த பங்கு வேறு. ஒன்று மற்றொன்றை அழிக்காது. 'அவளே வேண்டாமென்றுவிட்டாள்' என்பாரும் உளர். தன் பங்கின் மதிப்பு இன்னதெனத் தெரியாமல், கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என அஞ்சி, தலை குனிந்து நின்ற பெண்ணின் மௌனம் சம்மதமாகுமா? நேர்மையாளர் இருவரைக் கொண்டு வீட்டை மதிப்பிடுங்கள். தங்கையின் பங்கு இத்தனை எனத் தொகையைச் சொல்லுங்கள். ஒரே முறையில் தர இயலாதெனில் தவணை பேசி எழுதிக் கொடுங்கள். அனைத்தும் அறிந்த பின்னர் அவரே மனமுவந்து விட்டுத் தந்தால் அது அவருடைய பெருந்தன்மை. அதுவரை அது உங்கள் மீதுள்ள கடமை.

அநியாயமாக ஒரு சாண் நிலத்தை அபகரித்தவனுடைய கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்னும் நபிமொழியை அறியாதார் யார்? 'கஹ்ஃபு' அத்தியாயத்தில், தங்களுக்கு உணவளிக்க மறுத்த ஊரில் சாய்ந்து நின்ற சுவரொன்றைக் கூலி வாங்காமலே நிமிர்த்திய நல்லடியாரின் வரலாறு வருகிறது. மூஸா (அலை) அவர்கள் வியந்து நின்றபோது, அச்சுவரின் கீழே அநாதைச் சிறுவர் இருவரின் புதையல் இருப்பதை அவர் எடுத்துரைத்தார். பிறர் உரிமையைக் காப்பதற்காக அங்கே சுவர் நிமிர்ந்தது. பிறர் உரிமையை மறைப்பதற்காக நாம் சுவரெழுப்பலாமா?

மனைவியின் நகை

வீட்டு வேலை பாதியில் நிற்கும்போது கணவரின் கண் மனைவியின் கழுத்துக்குச் செல்வது வழக்கம். மஹராகவோ பெற்றோர் அளித்ததாகவோ வந்த நகை மனைவியின் தனிச்சொத்து. அதனைக் கேட்டு வாங்கலாம், எடுத்துக்கொள்ளலாகாது. வாங்கினால் அது கடனா, அன்பளிப்பா, வீட்டில் ஒரு பங்குக்குரிய விலையா என்பதை அன்றே பேசி எழுதிவிட வேண்டும். கடனை எழுதி வைக்குமாறு பணிக்கும் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம். கணவன் மனைவிக்கு அதில் விலக்கு ஏதும் கூறப்படவில்லை. எழுதுவது அவநம்பிக்கையாகாது; நாளை கணவர் இறந்தால், வாரிசுகள் நடுவே அப்பெண் வெறுங்கையோடு நிற்காமற் காக்கும் அரண் அதுவே.

அந்நகையை வட்டிக்கு அடகு வைத்து மாடி எழுப்புவதினும், இவ்வாண்டு கூரை, வரும் ஆண்டு தரை எனப் படிப்படியாகச் செய்வதே மேல். ஹதீமை நினைவிற் கொள்ளுங்கள்.

கையும் சுண்ணாம்பும்

சிறு பழுதுகளைத் தம்பதியரே தம் கையாற் செய்வது சிக்கனம் மட்டுமன்று, நபிவழியுமாகும். நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள். இல்லத்தாரின் பணிகளில் உதவி நின்றார்கள். பழங்காலச் சுண்ணாம்புக் காரைச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு ஒத்துவராது என்பதையும் கவனத்திற் கொள்ளுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியேற விடும். சிமெண்டு அதனை உள்ளேயே அடைத்துவிடும். உப்புப் பூத்துச் சுவர் பொரிந்து உதிரும். நம் முன்னோர் சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் சேர்த்து அரைத்த காரை நூறாண்டு நின்றதைக் காண்கிறோம். அம்முறை அறிந்த கொத்தனார் கிடைத்தால் அவரை மதித்துக் கூலியை உடனுக்குடன் கொடுங்கள். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கம் நம்முடையது.

ஆயின் எங்கே நிறுத்துவது? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை வாயிலில் அழகிய திரையொன்றைத் தொங்கவிட்டார்கள். அதனைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்த இறைவன் நம்மைப் பணிக்கவில்லை என்னும் கருத்தை உணர்த்தி அதனை அகற்றினார்கள். அன்னையாரோ அத்துணியை வீணாக்காமல் இரு தலையணைகளாகத் தைத்துக்கொண்டார்கள். கணவரின் அறிவுரையும் மனைவியின் சிக்கனமும் கைகோத்த அழகைப் பாருங்கள்! அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் தம் தாயாரோடு சேர்ந்து சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்த வேளையில், அவ்வழியே வந்த நாயகம் (ஸல்) அவர்கள், இதனினும் விரைந்து வரக்கூடியது ஒன்றுண்டு என மறுமையை நினைவூட்டிச் சென்றார்கள். பூச வேண்டாமெனத் தடுக்கவில்லை. மறந்துவிட வேண்டாமென எச்சரித்தார்கள்.

எனவே, பூட்டிய வீட்டைத் திறக்க விழையும் தம்பதியரே! கொத்தனாரை அழைக்கு முன் உடன்பிறந்தாளை அழையுங்கள். மண்ணை அளக்கு முன் பங்கை அளந்து கொடுங்கள். ஒருவரையொருவர் கலந்து, தூய பணத்தில், தேவையின் அளவுக்குக் கட்டுங்கள். அவ்வீட்டின் திண்ணையில் உங்கள் சகோதரி வந்தமர்ந்து மனம் குளிர்ந்து ஸலாம் கூறும் நாளே உண்மையில் நீங்கள் குடிபுகும் நாளாகும்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை அமைதியின் உறைவிடமாக்கி, பிறர் உரிமையால் கறைபடாமற் காத்தருள்வானாக! ஆமீன்.