கங்கையின் மேற்குக் கரை – 9: ஆசிரியர் கண்ணை மூடலாகாது

சென்ற வாரம் பேலூர் மடத்தின் பெரிய கோயிலைப் பற்றி எழுதியபோது, அதற்குச் சற்றுத் தள்ளி ஆற்றைப் பார்த்தவாறு நிற்கும் பழைய மடத்துக் கட்டடத்தையும், அதன் மாடியில் சுவாமி விவேகானந்தர் வாசம் செய்த அறையையும் பிறகு பார்க்கலாம் என்று நிறுத்தியிருந்தேன். ஹவுரா ஸ்டேஷனில் இறங்கிய வேகத்தில் பாலத்தைத் தாண்டிக் கல்கத்தாவுக்குள் புகுந்துவிடும் நம்மவர்கள், ஜி.டி. ரோடு வழியாக வடக்கே திரும்பிச் சிறிது தூரம் வந்தார்களானால் அந்த அறையைத் தரிசிக்கலாம். யோகாசன வகுப்பு எடுப்பதற்குப் புதிதாகக் கிளம்பியிருக்கும் இளைஞர்களும் யுவதிகளும் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இப்போதெல்லாம் தெருவுக்கு இருவராவது அப்படிக் கிளம்புகிறார்கள் அல்லவா?

மேல்நாட்டாருக்கு முதன்முதலில் வகுப்பு வைத்து, ஒழுங்காக, வாரந்தோறும் யோகம் கற்பித்தவர்களுள் தலையாயவர் அந்த அறையில் வாழ்ந்தவரே. சிகாகோ சர்வமத மகாசபை நடந்தது 1893 செப்டம்பரில். அதன் பிறகு ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து சலித்துப்போன சுவாமிகள், 1895 ஜனவரியில் நியூயார்க் நகரின் மேற்கு 33ஆம் தெருவில், 54ஆம் எண் வீட்டில், பகட்டு ஏதுமில்லாத அறைகளை அமர்த்திக்கொண்டு வகுப்பைத் தொடங்கினார். பெரிய மனிதர்கள் அந்தப் பேட்டைக்கு வரமாட்டார்கள் என்று சிலர் எச்சரித்தார்கள்; அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வகுப்புக்குக் கட்டணமும் கிடையாது. முதலில் மூன்று நான்கு பேர்தாம் வந்தார்கள். சில வாரங்களுக்குள் நாற்காலிகள் போதாமல் சோபாவின் கைப்பிடியிலும், மேஜையின் மேலும், மூலையில் இருந்த முகம் கழுவும் பலகைமீதும் ஜனங்கள் உட்கார, மிச்சமிருந்தவர்கள் திறந்த கதவுக்கு வெளியே மாடிப்படிகளில் அமர்ந்து கேட்டதாக, அந்த வகுப்புகளில் இருந்த எஸ். ஈ. வால்டோ என்ற அம்மையார் எழுதிவைத்திருக்கிறார். சுவாமிகளோ, சப்பணமிட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பார்.

அங்கே கற்பிக்கப்பட்டது இன்று நாம் யோகா என்று சொல்லிப் பழகிவிட்ட உடற்பயிற்சி அன்று. மார்பும் கழுத்தும் தலையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி சுகமாக உட்காருவது, மூச்சை ஒழுங்குபடுத்துவது, பிறகு மனத்தை ஒன்றில் நிறுத்துவது, அவ்வளவே. ஹடயோகத்தின் கடினமான ஆசனங்களால் ஆத்மிக வளர்ச்சி அதிகம் இல்லை என்று கருதி அவற்றை ஒதுக்கியே வைத்தார் என்பதை, 1896இல் வெளியான அவருடைய ‘ராஜயோகம்’ என்னும் நூலைப் புரட்டியவர்கள் அறிவார்கள்.

இந்த மகா ஆசிரியருக்கு ஆரம்பத்தில் நேர்ந்த சங்கடம் ஒன்று அவருடைய சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. தியானம் செய்வது எப்படி என்று காட்டுவதற்காகக் கண்ணை மூடி உட்காருவாராம்; உட்கார்ந்தவர் அதிலேயே ஆழ்ந்து போய்விடுவாராம். சிஷ்யர்கள் விழித்துப் பார்த்து, காத்திருந்து, குருவை எழுப்பலாமா கூடாதா என்று தெரியாமல், ஒவ்வொருவராக ஓசைப்படாமல் நழுவிவிடுவார்களாம். வெளியுலக நினைவு திரும்பியதும் சுவாமிகளுக்குத் தம்மேலேயே வருத்தம். தாம் மறுபடி அப்படி ஆழ்ந்துவிட்டால் எந்தச் சொல்லைச் சொல்லித் திருப்பியழைக்க வேண்டும் என்பதை, பிறகு ஓரிரண்டு சிஷ்யர்களுக்கு அவரே கற்றுக்கொடுத்தார் என்று எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படிக்கிற பக்தர்கள் அந்தச் சமாதி நிலையை வியப்பார்கள். எனக்கு அதைக் காட்டிலும் வியப்பாக இருப்பது அவருடைய வருத்தந்தான். தாம் செய்வது வேறு, பிறரைச் செய்விப்பது வேறு என்பதையும், இரண்டாவதற்காக வந்தவர்கள் முன்னால் முதலாவதில் மூழ்குவது அவர்களுக்குப் பயன்படாது என்பதையும் அவர் உணர்ந்துகொண்டார். 1902 ஜூலை 4ஆம் தேதி, அவருடைய பூதவுடல் வாழ்ந்த கடைசி நாள். அன்று காலையில் கோயிலறையின் கதவு ஜன்னல்களையெல்லாம் சாத்திக்கொண்டு தனியே சுமார் மூன்று மணி நேரம் தியானத்தில் இருந்தார். பிற்பகலில் பிரமசாரிகளைக் கூட்டிவைத்துக்கொண்டு ஏறக்குறைய அதே அளவு நேரம் சம்ஸ்கிருத வியாகரணம் நடத்தினார். ஒன்றில் மற்றொன்று கலக்கவில்லை.

ஆசன ஆசிரியர் பி. கே. எஸ். ஐயங்காருடைய கதை இதற்கு நேர் எதிரான கோடியிலிருந்து தொடங்குகிறது. அவருடைய குருவான கிருஷ்ணமாச்சாரியார் தம் மைத்துனரான அவரை 1937இல் புனாவுக்கு, டெக்கான் ஜிம்கானாவில் ஆறு மாதம் ஆசனம் கற்பிக்க அனுப்பியபோது அவருக்கு வயது 18. கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதே அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்; மராத்தி தெரியாது. பிள்ளைப் பிராயமெல்லாம் நோயில் கழிந்த மெலிந்த தேகம். வந்த மாணவர்களோ அவரைவிட வயதிலும் படிப்பிலும் உடற்கட்டிலும் மேலானவர்கள். தத்துவம் பேசிச் சமாளிக்கவும் வழியில்லை. எனவே நாளெல்லாம் தாமே பயின்று, எந்த எலும்பு எங்கே திரும்பினால் வலி எங்கே போகிறது என்று தம் உடம்பில் கண்டறிந்து, அதே கண்ணால் எதிரே நின்றவர்களின் உடம்பையும் பார்க்கக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் கட்டையும் கயிறும் நாற்காலியும் கொண்டு முதியோரையும் நோயாளிகளையும் ஆசனங்களில் நிறுத்திய அவருடைய முறைக்கு அந்தப் பார்வைதான் மூலதனம்.

இனி நம் ஊருக்கே வருவோம். ஹவுராவின் சிவபூரிலும் சால்கியாவிலும் வியாயாம சமிதிகள் என்னும் உடற்பயிற்சிக் கூடங்களில் கற்பிக்கப்படும் ஆசனங்கள் பெரும்பாலும் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தவை. பரமஹம்ஸ யோகானந்தருடைய தம்பி பிஷ்ணு சரண் கோஷ், 1923இல் கல்கத்தாவில் தேகாப்பியாசக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். எடை தூக்குவதையும் தசைகளை அடக்கியாளும் வித்தையையும் ஆசனங்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தவர் அவர். அங்கே எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஒரே பயிற்சியைக் கொடுப்பதைவிட, வந்தவரின் உபாதையை விசாரித்து, வைத்தியர் சீட்டெழுதுவதுபோல் இன்னின்ன ஆசனம் இத்தனை முறை என்று எழுதிக்கொடுக்கும் வழக்கம் வளர்ந்தது. முன்னால் நின்று செய்துகாட்டும் ஆசிரியருக்கு அங்கே அதிக வேலையில்லை. நடுவே நடந்து, ஒவ்வொருவரையும் கவனிக்கிறவருக்கே வேலை.

முதல் நாள் வகுப்பெடுக்கிறவர் தடுமாறும் இடமும் இதுதான். அவருக்கு ஆசனம் தெரியாமல் இல்லை. மாணவர்களைப் பார்த்து நின்று ‘வலக்கையை உயர்த்துங்கள்’ என்று சொல்லித் தாமும் வலக்கையை உயர்த்துவார். எதிரே பாதிப் பேர், கண்ணாடியில் பார்ப்பதுபோல், இடக்கையைத் தூக்குவார்கள். புஜங்காசனத்தில் தாம் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்துக்கொண்டே எண்ணுவார். பின்வரிசையில் இடுப்பு வலிக்காரர் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் சிவந்திருப்பதைக் காண அவருக்குக் கண் ஏது?

வங்காளத்து முறையில் இதற்கு ஒரு நல்ல பரிகாரம் இருக்கிறது. ஆசனம் ஒன்று முடிந்ததும் அடுத்ததற்குத் தாவாமல், ஏறக்குறைய அதே நேரம் சவாசனத்தில் படுக்கவைப்பார்கள். படுத்திருப்பவர்களுக்கு அது ஓய்வு. ஆசிரியர் அந்த அரை நிமிஷத்தில், யாருடைய மூச்சு இன்னும் இரைக்கிறது, யாருடைய தோள் இறங்காமல் விறைத்திருக்கிறது, அடுத்த ஆசனத்தை யாருக்குச் சொல்லாமல் விடலாம் என்று நடந்துகொண்டே பார்த்துவிடலாம். புதியவர்கள் பாடத்திட்டத்தில் பத்து ஆசனங்களைத் திணிப்பதை விட்டு ஐந்தோடு நிறுத்தி, இடையிடையே இந்த அவகாசத்தை எடுத்துக்கொள்வார்களானால், இரண்டாம் வாரமும் வகுப்புக்கு ஆள் வரும்.