ஒடுக்கலும் விரித்தலும்: ஒலியின் எழுநேரமும் தணிநேரமும்

பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் வளர்ந்தோருக்குத் தப்பொலி புதிதன்று. ஈப்போ கல்லுமலைக் கோயிலின் தைப்பூசத்தில் உறுமி மேளம் கேட்டோர் பலர். தப்பின் அடி சட்டென எழுந்து சட்டென அடங்கும். கித்தார்த் தந்தியின் ஒலியோ சட்டென எழுந்து மெல்லத் தேயும். எழுதல், தணிதல் என்னும் இவ்விரண்டையும் ஒரு மின்சுற்று எவ்வாறு பின்தொடர்கிறது என்பதே இங்கு நாம் காணவிருப்பது.

கித்தாருக்கு எதிரொலி சேர்க்கும் கருவிகளில் ‘வாளித் தொடர்’ச் சில்லு பயன்படுகிறது. 1969இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் உருவான முறை இது. தீயணைக்க வரிசையில் நிற்போர் நீர்வாளியைக் கைமாற்றுவதுபோல, மின்னூட்டம் ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிக் காலந்தாழ்ந்து வெளிவருகிறது. வழியில் இரைச்சலும் சேர்ந்துவிடுகிறது. ஆதலால், ஒலியை உள்ளே செலுத்துமுன் ஒடுக்கி, வெளிவந்தபின் விரிக்கின்றனர். 80 டெசிபல் வீச்சு 40 ஆக ஒடுங்கி, மீண்டும் 80 ஆகிறது. மெல்லொலி விரிப்பியில் தாழும்போது இரைச்சலும் உடன் தாழ்கிறது. இப்பணியைச் செய்வதே கம்பாண்டர் எனப்படும் ஒடுக்கு-விரிப்புச் சில்லு. சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்தின் என்இ 570 இவ்வகையில் பெயர்பெற்றது.

இச்சில்லிலுள்ள அலைதிருத்தி ஒலியின் வலிமையை அளக்கிறது. வெளியே பொருத்தும் மின்தேக்கி அவ்வளவைச் சராசரியாக்குகிறது. அச்சராசரிக்கேற்பப் பெருக்கம் மாறுகிறது. சில்லினுள் 10 கிலோ ஓம் மின்தடை உள்ளது. அதனை மின்தேக்கியின் மதிப்பால் பெருக்கினால் காலமாறிலி கிடைக்கும். 1 மைக்ரோஃபாரட் எனில் 10 மில்லிவினாடி, 2.2 எனில் 22.

மின்தேக்கியை 0.1 மைக்ரோஃபாரட்டாகக் குறைத்தால் காலமாறிலி 1 மில்லிவினாடியே. கித்தாரின் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வுக்கு 12 மில்லிவினாடி. விரைந்த சுற்று, ஒவ்வோர் அதிர்வின் ஏற்றவிறக்கத்தையும் வலிமை மாற்றமெனக் கொண்டு பெருக்கத்தை ஆட்டும்; தாழ்ந்த சுரங்கள் கரகரக்கும். மாறாக, 10 மைக்ரோஃபாரட்டாக உயர்த்தினால் காலமாறிலி 100 மில்லிவினாடி ஆகும். தந்தியை மீட்டியவுடன், ஒடுக்கி செயற்படுமுன்னரே ஒலி முழு வலிமையோடு பாய்ந்து வாளித் தொடரில் சிதையும். ஒலி ஓய்ந்தபின்னும் பெருக்கம் உடனே தாழாமையால் இரைச்சல் மூச்சுவிடுவதுபோல் கேட்கும்.

விரைந்தெழுதல் வேண்டும், மெல்லத் தணிதலும் வேண்டும். என்இ 570இல் ஒரே மின்தேக்கி இரண்டையும் ஆள்வதால், 1 முதல் 2.2 மைக்ரோஃபாரட் வரையிலான மதிப்பு ஓர் இணக்கமாக அமைகிறது. பின்வந்த என்இ 572 இச்சிக்கலை அவிழ்த்தது: எழுநேரத்துக்கு ஒரு மின்தேக்கி, தணிநேரத்துக்கு மற்றொன்று. எச்சில்லாயினும் ஒரு விதி மாறாது. ஒடுக்கியின் காலமும் விரிப்பியின் காலமும் ஒத்திருத்தல் வேண்டும். இல்லையேல் ஒடுங்கியது தன் பழைய வடிவில் விரியாது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். மின்னிணைப்பைத் துண்டித்து, முனைகளின் நேர்-எதிர்க் குறிகளைச் சரிபார்த்து, இருபுறத்து மின்தேக்கிகளையும் ஒரே மதிப்புக்கு மாற்றி, அதே சுரத்தை மீட்டச் செய்க. கரகரப்பையும் மூச்சொலியையும் மாணவர் தம் செவியால் அறிவர். அறிந்தபின், எழுநேரம், தணிநேரம் என்னும் சொற்கள் மனப்பாடத்துக்குரிய கலைச்சொற்களாக நில்லா. கேட்டறிந்த பொருளின் பெயர்களாக நிற்கும்.