உள்ளியும் கிருமியும்: மூன்று போத்தல்களில் ஒரு சோதனை

வயிற்றுக் கோளாறுக்கும் புண்ணுக்கும் உள்ளியை நாடுவது எம்மவரின் நீண்டகாலப் பழக்கம். இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டில்களில் வாழ்ந்த காலங்களில், மருந்து கைக்கெட்டாதபோது இந்த நம்பிக்கை மேலும் வலுத்தது. இதில் உண்மை எவ்வளவு? நாமே சோதித்துப் பார்க்கலாம்.

உள்ளிக்குள் என்ன இருக்கிறது?

முழு உள்ளிப் பல்லில் கிருமியை எதிர்க்கும் பொருள் ஆயத்தமாக இருப்பதில்லை. அலின் என்ற பொருளும் அதை மாற்றும் நொதியமும் தனித்தனியே இருக்கின்றன. பல்லை நசுக்கும்போது இரண்டும் சேர்ந்து அலிசின் உண்டாகிறது. 1944இல் ஐக்கிய அமெரிக்காவில் செஸ்டர் கவலிட்டோ, ஜோன் பெய்லி என்னும் ஆய்வாளர்கள் இதனைப் பிரித்தெடுத்து, இது பற்றீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பதை அறிவித்தனர். நசுக்குமுன் அவித்தால் நொதியம் பழுதாகிவிடும்.

செய்முறை

1. ஒரே அளவான மூன்று கண்ணாடிப் போத்தல்களைக் கழுவி, நீரில் கொதிக்கவைத்து எடுங்கள்.

2. பருப்பு அவித்த நீரை வடித்து, ஆறவிட்டு, மூன்றிலும் சம அளவு ஊற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி கிணற்று நீர் விடுங்கள்.

3. நான்கு பல் பச்சை உள்ளியை நசுக்கி, 10 நிமிடம் வைத்து, கொதித்தாறிய அரைக் கோப்பை நீரில் கலந்து வடியுங்கள். இன்னும் நான்கு பல்லை முழுதாக 10 நிமிடம் அவித்து, பின் நசுக்கி, அவ்வாறே வடியுங்கள்.

4. முதற் போத்தலில் கொதித்தாறிய நீரும், இரண்டாவதில் பச்சை உள்ளிச் சாறும், மூன்றாவதில் அவித்த உள்ளிச் சாறும் இரண்டு தேக்கரண்டி வீதம் சேர்த்து, துணியால் மூடி நிழலில் வையுங்கள்.

5. அச்சிட்ட தாளைப் போத்தலின் பின்னால் பிடித்து, எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதைத் தொடக்கத்திலும், பின் காலை மாலையும் குறித்துவையுங்கள்.

கலங்கல், நுரை, ஆடை ஆகியன கிருமி பெருகுவதன் அடையாளங்கள். இரண்டாவது போத்தல் மற்ற இரண்டையும்விடப் பிந்திக் கலங்கினால், பச்சை உள்ளி கிருமியின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தியது எனலாம். முதற் போத்தல் இல்லாவிட்டால் எதனோடு ஒப்பிடுவது? பசளையிட்ட பாத்திக்குப் பக்கத்தில் பசளையிடாத பாத்தி ஒன்றை விட்டுப் பார்க்கும் கமக்காரனுக்கு இது புதிதல்ல. எவ்வித சோதனையிலும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவை சமமாக இருக்க வேண்டும்.

இரண்டு நாளில் சோதனையை முடித்துவிடுங்கள். எதையும் சுவைக்க வேண்டாம். கிணற்றுக்குத் தூரத்தில் குழிதோண்டி ஊற்றி மூடுங்கள்.

எச்சரிக்கை

தாமதப்படுத்துவது வேறு, கொல்வது வேறு. போத்தல் வேறு, உடல் வேறு. 1985இல் கனடாவின் வன்கூவர் நகரில், குளிரூட்டாமல் வைத்த எண்ணெயிலிட்ட உள்ளியில் நச்சுக் கிருமி வளர்ந்து, 30க்கும் மேற்பட்டோர் கடும் நோயுற்றனர். பச்சை உள்ளியைப் புண்ணில் கட்டினால் தோல் வெந்துபோகும். குழந்தைகளின் தோலுக்கு இது மிகவும் ஆபத்து.

ஆகவே உள்ளியைக் கறிக்கும் இரசத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். குடிநீரை, கொதித்தெழுந்த பின்னும் ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு ஜீவனி கொடுங்கள். அது இல்லாவிடில், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமான ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை சோர்ந்தாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

முன்னோரின் அறிவை இகழவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். சோதித்தறியும் புத்தியும் இறைவன் தந்த கொடையே.