தொழுகை நேரச் செயலி நம் தேர்வை எங்கே வைத்திருக்கிறது?

தொழுகை நேரம் காட்டும் செயலி இன்று நம்மில் பலருடைய கைப்பேசியில் இருக்கிறது. முதன்முதலாகத் திறக்கும்போது ஊர், மத்ஹப், ஃபஜ்ருக்கான கணக்கீட்டு முறை, பாங்கு சத்தம் ஆகியவற்றைத் தேர்வு செய்கிறோம். அதன்பின் அந்தப் பக்கத்தை நாம் திறப்பதே இல்லை. அந்தத் தேர்வுகள் எங்கே இருக்கின்றன, எப்போது காணாமல் போகும் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

இதுபோன்ற சிறு விவரங்களைச் சேமிக்க ஆண்ட்ராய்டில் 'ஷேர்டு பிரிஃபரன்சஸ்' என்ற வசதியும், ஐபோனில் 'யூசர் டிஃபால்ட்ஸ்' என்ற வசதியும் உள்ளன. இரண்டும் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பெயர், அதற்கு எதிரே ஒரு மதிப்பு. 'மத்ஹப்' என்பதற்கு எதிரே 'ஹனஃபி', 'பாங்கு' என்பதற்கு எதிரே 'ஆம்' என்று எழுதி வைக்கப்படும். ஆண்ட்ராய்டில் இது அந்தச் செயலிக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் ஒரு சிறிய கோப்பாக இருக்கும். கைப்பேசியை அணைத்து மீண்டும் போட்டாலும் அழியாது.

செயலி திறக்கும்போது பெயரைச் சொல்லி மதிப்பைக் கேட்கும். அங்கே எதுவும் எழுதப்படவில்லை என்றால்? அதற்காக, செயலியை உருவாக்கியவர் முன்கூட்டியே ஓர் இயல்பு மதிப்பைத் தந்திருப்பார். செயலி சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொள்ளும்.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அஸ்ர் நேரம் ஷாஃபி மத்ஹபில் நிழல் ஒரு மடங்காகும்போதும், ஹனஃபி மத்ஹபில் இரு மடங்காகும்போதும் தொடங்குகிறது. சென்னையில் இந்த வித்தியாசம் முக்கால் மணி நேரத்துக்கும் மேல். ஃபஜ்ரும் அப்படித்தான். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்கும்போது ஃபஜ்ர் என்பது கராச்சி முறை; 15 பாகை என்பது வட அமெரிக்க முறை. 15 பாகை இயல்பு மதிப்பாக இருந்தால், சென்னையில் ஃபஜ்ர் 12 நிமிடங்களுக்கும் மேல் தாமதமாகக் காட்டும். ரமளானில் அதைப் பார்த்து சஹர் செய்பவரின் நோன்பு என்னாவது?

தேர்வுகள் எப்போது அழியும்? செயலியை நீக்கினால் அழியும். அமைப்புகளில் 'கிளியர் டேட்டா' கொடுத்தாலும் அழியும். 'கிளியர் கேச்' கொடுத்தால் அழியாது. இரண்டையும் பலர் ஒன்றென நினைக்கிறார்கள். புதிய கைப்பேசிக்கு மாறும்போது, பழைய தேர்வுகள் காப்புப் பிரதியிலிருந்து திரும்பி வரலாம், வராமலும் போகலாம். ஆண்ட்ராய்டு 6 முதல் தானியங்கிக் காப்பு வசதி உண்டு என்றாலும், அதை வேண்டாம் என்று வைக்கச் செயலியை உருவாக்கியவருக்கு உரிமை உண்டு.

செயலி உருவாக்கக் கற்கும் நம் பிள்ளைகளுக்கும் இதில் பாடம் இருக்கிறது. பாங்கு சத்தத்துக்கு இயல்பு மதிப்பு வைக்கலாம். மத்ஹபுக்கும் கணக்கீட்டு முறைக்கும், மதிப்பு இல்லையென்றால் பயனரிடமே கேட்பது முறை. கடவுச்சொல்லை இந்தக் கோப்பில் ஒருபோதும் வைக்கக் கூடாது. இது சாதாரண எழுத்தாகவே சேமிக்கப்படுகிறது.

மற்றவர்கள் செய்ய வேண்டியது எளிது. கைப்பேசி மாற்றினாலோ செயலியை மீண்டும் நிறுவினாலோ, முதல் வேலையாக அமைப்புகள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஃபஜ்ர், அஸ்ர் இரண்டையும் உங்கள் மஹல்லா பள்ளிவாசலின் நேர அட்டவணையோடு ஒப்பிடுங்கள். வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியையும் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்.